தூக்குவாளியை வரப்பில் வைத்தவன்

அத்தான்,

நேற்றுச் சாயங்காலம் அக்கா தொழுவத்திலிருந்து கூப்பிட்டாள். "ஏய் குத்தாலம், பரண்ல பழைய சங்கிலி ஒண்ணு கிடக்கும், எடுத்துட்டு வா. இந்தக் கிடாரி எந்தக் கயித்தையும் அத்துப் போடுது."

தொழுவத்தை ஒட்டிய தாழ்வாரப் பரணில் உங்கள் சாக்குகளுக்கு அடியில் கையை விட்டேன். விரல் பட்டதுமே எது என்று தெரிந்துவிட்டது. வெளியே இழுத்தபோது துரு வாடையோடு மருந்தெண்ணெய் வாடையும் வந்தது. பதின்மூன்று வருடம் கழித்து எண்ணெய் வாடை இருக்குமா என்று கேட்காதீர்கள். என் மூக்குக்கு இருந்தது. இடது கணுக்காலில் அந்தச் சங்கிலி விட்டுப்போன கறுப்புத் தழும்பு அரிக்கத் தொடங்கியது. அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் பதினாறு கழிந்து மூன்று நாள் ஆகிறது. செத்தவருக்குக் கடிதம் எழுதுகிறான் என்று தெரிந்தால் ஊர் மறுபடியும் இந்தச் சங்கிலியைத் தேடும். தேடட்டும், எனக்கென்ன. எட்டாம் வகுப்பு வரை படித்ததற்கு இதையாவது எழுதுகிறேன். நீங்கள் என்னிடம் ஒரே ஒரு வேலை சொன்னீர்கள்: "உங்க அக்காகிட்ட நீயே சொல்லணும்." நான்கு வருடமாக அதைச் செய்யாமல் உங்கள் முகத்தைப் பார்க்காமல் நழுவித் திரிந்தேன். நேற்று என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அதற்கு முன்னால் மற்றதையும் ஒரு தடவை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். இத்தனை நாள் யாரிடமும் ஒழுங்காகச் சொன்னதில்லை.

நான் முன்கோபி. உழும்போது மாடு படுத்துக்கொண்டால் மாட்டை அடிப்பேன். சோற்றில் கல் கடிபட்டால் கும்பாவைச் சுவரில் எறிவேன். அதை நோய் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. "இசக்கி அவன் அய்யாவைக் கொண்டிருக்கான்" என்று பெருமையாகக்கூடச் சொல்வார்கள். அப்போது எனக்கு இசக்கி என்றுதான் பெயர்.

அந்த ஆனியில் சாரல் பிந்திவிட்டது. குற்றால மலை கறுக்கும், காற்று வீசும், மறுபடி வெளுத்துவிடும். சிற்றாற்று வாய்க்காலில் முழங்கால் அளவு ஓடிய தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது. முறை வைத்துப் பாய்ச்சினோம். உங்கள் வயல் மேலே, எங்கள் வயல் கீழே. விடிந்ததிலிருந்து மத்தியானம் வரை என் முறை.

நான் மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு உங்கள் வீட்டைத் தாண்டும்போது அக்கா வாசலில் நிறுத்தித் தூக்குவாளியைக் கையில் கொடுத்தாள். "உங்க அத்தான் வெறும் வயித்தோட போனாவ. கஞ்சி இருக்கு, சிந்தாமக் கொண்டு போ." நான் சிந்தாமல் கொண்டு போனேன். வாய்க்கால் வரப்பு வழுக்கும் என்று செருப்பைக்கூடக் கழற்றிவிட்டு நடந்தேன்.

வந்து பார்த்தால் என் மடை அடைத்துக் கிடந்தது. மண்ணையும் வைக்கோலையும் வைத்து நன்றாக மிதித்திருந்தீர்கள். தண்ணீர் மொத்தமும் உங்கள் நாற்றங்காலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"அத்தான், இது என் முறை."

நீங்கள் குனிந்த தலை நிமிரவில்லை. "தெரியும்லே. நாத்து கருகுது. ரெண்டு நாழி பொறு."

"எங்க நாத்து மட்டும் சிரிச்சுக்கிட்டா நிக்கி?"

"அதை உங்க அய்யாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். பெரியாளுங்க நாங்க பேசிக்கிடுதோம். நீ கஞ்சியை வச்சிட்டுப் போ."

பக்கத்து வயலில் பரமசிவம் அண்ணாச்சி சிரித்தார். எனக்கு இருபத்துநாலு வயது. அக்காவுக்கு நீங்கள் தாலி கட்டியபோது பந்தலில் ஓடித் திரிந்த பொடியனாகவே உங்களுக்கு நான் இருந்தேன் போலிருக்கிறது. உங்களுக்கு அது சாதாரணப் பேச்சு. எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது.

இதற்கு அப்புறம் நடந்ததை எல்லாரிடமும் ஒரே மாதிரி சொல்லி வந்திருக்கிறேன். கண் இருட்டியது, காது அடைத்தது, பிறகு ஒன்றும் தெரியாது என்று. பச்சைப் பொய். எனக்கு எல்லாம் தெரியும். தூக்குவாளி இடது கையில் இருந்தது. குனிந்து வரப்பில் வைத்தேன். வரப்பு சரிவு, வாளி சாய்ந்தது. அதை எடுத்து, குதிகாலால் மண்ணைத் தட்டிச் சமப்படுத்தி, மறுபடி வைத்தேன். மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. உள்ளங்கையால் அழுத்தி மூடினேன். பிறகுதான் தோளிலிருந்து மம்பட்டியை இறக்கினேன்.

முதல் வெட்டுக்கு நீங்கள் இடது கையைத் தூக்கினீர்கள். மூன்று விரல் நாற்றங்கால் சேற்றில் விழுந்தன. இரண்டாவது தோளில் இறங்கியது. எலும்பில் இரும்பு மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. உங்கள் நெஞ்சில் காலை வைத்து உதைத்து இழுத்தேன். தண்ணீர் சிவப்பாகி நாற்றுக்குள் போனது. மூன்றாவதுக்கு ஓங்கும்போது பரமசிவம் அண்ணாச்சி பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார். அவர் பிடிக்காவிட்டால் மூன்றாவதும் விழுந்திருக்கும். அது கழுத்துக்கு வைத்த குறி. இதையும் எழுதியாயிற்று.

வரப்பில் வைத்த கஞ்சி ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

உங்களை வண்டியில் போட்டுத் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். கோயிலின் மொட்டைக் கோபுரம் கண்ணில் தெரிந்தபோது உங்களுக்கு நினைவு தப்பிவிட்டது என்று அக்கா பின்னால் சொன்னாள். என்னை வீட்டு முற்றத்தில் தள்ளி அய்யா மாட்டுச் சாட்டையால் அடித்தார். முதுகுத் தோல் பிய்ந்தது. நான் நின்று வாங்கினேன். வலித்தது, ஆனால் அது சரியான அடி. அப்படியே விட்டிருந்தால் என்னை அடித்துப் போலீசில் கொடுத்திருப்பார், நானும் வெட்டியவனாகவே ஜெயிலுக்குப் போயிருப்பேன்.

அம்மைதான் குறுக்கே விழுந்தாள். "எம்பிள்ளை இதைச் செய்யமாட்டான். இது அவன் இல்லே. அவன் மேல என்னமோ இருக்கு, அதுதான் செஞ்சுது."

அய்யாவின் சாட்டை பாதியில் நின்றது. அவர் முகத்தைப் பார்த்தேன். கிணற்றில் விழுந்தவனுக்குக் கயிறு கிடைத்த மாதிரி இருந்தது. அன்று மத்தியானத்துக்குள் என் கோபம் முழுவதும் நோயாகிவிட்டது. மாட்டை அடித்தது, கும்பாவை எறிந்தது, போன வைகாசியில் எவனையோ சட்டையைப் பிடித்துத் தூக்கியது எல்லாவற்றையும் ஆளாளுக்கு எடுத்து வைத்தார்கள். பரமசிவம் அண்ணாச்சிகூட, "ஆமா, கண்ணு ரெண்டும் ஒரு மாதிரி செருகிக்கிட்டுல்லா இருந்துது" என்றார். என் கண் செருகவே இல்லை.

அய்யா என் முகத்துக்கு நேரே வந்து நின்றார். "என்ன நடந்துதுன்னு உனக்குத் தெரியுதாலே?"

அவர் கேட்ட விதத்திலேயே பதிலும் இருந்தது. "தெரியலே அய்யா" என்றேன். உடனே தொழுவத்திலிருந்து சங்கிலியைக் கொண்டு வந்து என் காலில் பூட்டினார்கள். காளையின் கழுத்தில் கிடந்த சங்கிலி. நேற்று பரணில் கிடந்ததும் அதுவே.

மூன்றாம் நாள் ஏட்டு ஆஸ்பத்திரிக்கு வந்து உங்களிடம் எழுதி வாங்கினார். நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று, அக்கா உள்ளே நிற்க, மற்ற குடும்பமே வாசலில் காத்துக் கிடந்தது. "அவனுக்கு ஒரு மாசமாவே சித்தம் சரியில்லே ஐயா. தெரிஞ்சு செய்யலே" என்று சொன்னீர்களாம். வைத்தியம் பார்த்துக் குணப்படுத்துகிறோம் என்று அய்யா கையெழுத்துப் போட்டார். அதோடு முடிந்தது. நீங்கள் அதை நம்பித்தான் சொன்னீர்கள் என்று நானும் நினைத்தேன்.

சித்தம் கலங்கியவர்களைச் சாரல் காலத்தில் குற்றாலத்துக்குக் கொண்டு வந்து ஒரு மண்டலம் அருவியில் நிறுத்துவது அப்போது வழக்கம். தண்ணீர் உச்சந்தலையில் விழ விழப் பித்தம் இறங்கும் என்பார்கள். நான் போய்ச் சேர்ந்த வாரமே சாரல் பிடித்துக்கொண்டது. நான் உங்களை வெட்டிப் பத்தே நாளில் நம் வாய்க்கால் கரை உடைத்துக்கொண்டு ஓடியது, அத்தான். யாருக்கு முறை என்று கேட்க நாதியில்லாமல் தண்ணீர் வயல் எல்லாம் புரண்டு போனது. பத்து நாள் பொறுத்திருந்தால் போதும். இதை நினைத்தால் இன்றைக்கும் என் தலையிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஓலைக் கொட்டகையில் ஒரு கல்தூணில் என்னைக் கட்டிப் போட்டார்கள். தலையை மழித்து மருந்தெண்ணெய் ஊற்றித் தேய்ப்பார்கள். காலையிலும் சாயங்காலமும் இரண்டு தடியன்கள் ஆளுக்கொரு கையை முறுக்கிப் பெரிய அருவிக்கு இழுத்துப் போவார்கள். தண்ணீரா அது, மேலேயிருந்து கல்லைக் கொட்டுகிற மாதிரி விழும். மூச்சு முட்டித் திமிறுவேன். திமிறினால் நோய் துள்ளுகிறது என்று இன்னும் உள்ளே தள்ளுவார்கள். திமிறாமல் நின்றால் அடங்கி வருகிறது என்று இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்துவார்கள். ஒரு தடவை பாறையில் மோதிப் புருவம் கிழிந்தது. அந்தத் தழும்பு இதோ இருக்கிறது.

பக்கத்துத் தூணில் திருவேங்கடத்துப் பக்கம் கரிசல்காட்டுக்காரர் ஒருவரைக் கட்டியிருந்தார்கள். அவருக்கு உண்மையிலேயே நோய். சில நாள் தன் பெயரே தெரியாமல் தூணில் மண்டையை மோதி இரத்தம் வடிய நிற்பார். தெளிந்த நாளில் நம்மைவிட நன்றாகப் பேசுவார். அப்படி ஒரு தெளிந்த நாளில் என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"தம்பி, உனக்கு ஒண்ணும் இல்லேல்லா?"

நான் மறுபக்கம் திரும்பிப் படுத்தேன்.

"நீ அசந்து தூங்குத. எங்களுக்குத் தூக்கம் ஏது? நல்லா இருக்கவன் எதுக்கு இங்கன வந்து கிடக்க?"

எழுந்து அவர்மேல் பாய்ந்தேன். தொய்வாகக் கிடந்த சங்கிலியைக் கையில் சுருட்டிக்கொண்டு போய், அந்தச் சங்கிலியாலேயே அவர் வாயில் அடித்தேன். பல் இரண்டு தெறித்தது. கட்டிக் கிடந்த மனிதர், கையைக்கூடத் தூக்க முடியவில்லை. தடியன்கள் ஓடி வந்து என்னை மிதித்தார்கள். "இவனுக்கு முத்திட்டு" என்று பேசிக்கொண்டார்கள். அந்த அடிக்கும் பழி என்மேல் வரவில்லை, நோயின்மேல் போய்விட்டது. அன்றைக்குத்தான் இது எவ்வளவு வசதியான ஏற்பாடு என்று எனக்குப் புரிந்தது.

மண்டலம் முடிந்ததும் குற்றாலநாதர் சந்நிதியில் வைத்து எனக்குப் புது வேட்டி கட்டி, புதுப் பெயர் வைத்தார்கள். "இனி இவன் குத்தாலம். பழைய பேரைச் சொல்லி யாரும் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டா அது திரும்பி வந்துரும்" என்று அம்மை எல்லார் தலையிலும் அடித்துச் சத்தியம் வாங்கினாள். வீட்டுக்கு வந்தால் அக்கா ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "வெட்டுனவன் போயிட்டான், எந்தம்பி வந்துட்டான்." அவள் புருசனின் கையில் மூன்று விரலை எடுத்தவனைக் கட்டிக்கொண்டு அப்படி அழுதாள். நானும் சேர்ந்து அழுதேன். வெட்கம் கெட்டவன்.

நீங்கள் கயிற்றுக் கட்டிலில் தோள்கட்டோடு உட்கார்ந்திருந்தீர்கள். என்னை ஏற இறங்கப் பார்த்தீர்கள். "வாலே இசக்கி" என்றீர்கள்.

அக்கா உங்கள் வாயைப் பொத்தினாள். வீடே பதறியது. அதற்குப் பிறகு மற்றவர்கள் இருக்கும்போது நீங்கள் என்னை எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நாம் இரண்டு பேர் மட்டும் இருந்தால் இசக்கிதான். உங்கள் இடது கை தோளுக்கு மேல் எழும்பவே இல்லை. உங்கள் வயலையும் நானே உழுதேன், நானே நட்டேன், நானே அறுத்தேன். ஊர் மெச்சியது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் மிஞ்சிய கையை மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் வரப்பில் உட்கார்ந்து, "ஏலே இசக்கி, அந்த மூலையில தண்ணி ஏறலே பாரு" என்பீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேண்டுமென்றே குத்துகிறீர்கள் என்று மனசுக்குள் திட்டுவேன்.

நயா பைசா வந்த வருடம் எனக்குக் கல்யாணம் ஆனது. என் பெண்டாட்டிக்கு நான் குத்தாலம்தான். அதிர்ந்து பேசாத மாப்பிள்ளை. ஒரு தடவை என் மகன் நீங்கள் கூப்பிட்டதைக் கேட்டுவிட்டு, "இசக்கின்னா யாரு மாமா?" என்றான். "அவன் ஒருத்தன். எங்கிட்ட ஒரு சோலியைப் பாதியில விட்டுட்டுப் போயிட்டான். வருவான்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மெல்லத் தொடங்கினீர்கள்.

நானே என்னை நம்பத் தொடங்கியிருந்தேன், அத்தான். மாதக்கணக்கில் நிஜமாகவே நம்புவேன். இசக்கி வேறு ஒருவன், கெட்டவன், அருவித் தண்ணீரோடு போய்விட்டான் என்று. பிறகு சாப்பிட உட்காருவேன். இசக்கிக்குப் பிடித்த சுண்டவத்தல் குழம்பு குத்தாலத்துக்கும் பிடித்தது. இசக்கியின் கடைவாய்ப் பல்வலி குத்தாலத்துக்கு வந்தது. சின்ன வயதில் அக்கா முதுகில் தொற்றிக்கொண்டு ஆற்றைக் கடந்தது குத்தாலத்துக்கு நன்றாக நினைவிருந்தது. எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது, மம்பட்டி ஓங்கியதைத் தவிர. அதை மட்டும் எப்படி வழியில் விட்டுவிட்டு வந்தேன்? கேட்டால் எனக்கே சிரிப்பு வருகிறது.

ஒன்பது வருடம் கழிந்தது. மறுபடி ஒரு ஆனி, மறுபடி வறண்ட வாய்க்கால், மறுபடி முறைத் தண்ணீர். பரமசிவம் அண்ணாச்சி என் மடையில் ஒரு கூடை மண்ணைப் போட்டுவிட்டு, "என்ன குத்தாலம், ஒரு நாழி பொறு. மம்பட்டியைத் தூக்கிராத" என்று பல்லைக் காட்டினார். கேலிதான். நான் அவரை இழுத்துச் சேற்றில் போட்டு நெஞ்சில் முழங்காலை ஊன்றினேன். பிடரியைப் பிடித்து முகத்தைச் சேற்றில் அழுத்தினேன். கொப்புளம் கொப்புளமாக மூச்சு வந்தது. பிறகு மம்பட்டியை எடுத்தேன்.

"வந்துட்டு, திரும்பவும் வந்துட்டு. ஓடிப்போயி சங்கிலியை எடுங்கலே" என்று யாரோ கத்தினார்கள்.

அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதி. அப்பாடா, சங்கிலி வருகிறது, இதுவும் என்மேல் விழாது என்ற நிம்மதி. மம்பட்டியைக் கீழே போட்டேன். கண்ணை மேலே செருகினேன். வாயில் எச்சிலை ஒழுகவிட்டேன். உடம்பை உதறினேன். பரமசிவம் அண்ணாச்சி இருமிக்கொண்டே தவழ்ந்து விலகினார். கூட்டம் பயந்து ஒதுங்கியது. சங்கிலியோடு ஒருவன் ஓடி வந்தான், அவன் பின்னால் மாரில் அடித்துக்கொண்டு அக்கா.

நீங்கள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து வலது கையால் என் கன்னத்தில் விட்ட அறையில் காது கொய்ங்கென்றது. இரண்டாவது அறையில் உதடு கிழிந்தது. என் தலையை இழுத்து உங்கள் வாயோடு சேர்த்துக்கொண்டீர்கள். "நடிக்காதலே இசக்கி." எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னீர்கள். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "இவனுக்கு ஒண்ணும் இல்லே. வெறும் கோவம். சங்கிலியைக் கொண்டு போயி மாட்டைக் கட்டுங்க" என்றீர்கள்.

மறுநாள் விடிந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு குற்றாலத்துக்கு நடந்தீர்கள். அருவியில் தண்ணீர் குறைவு, ஆளும் இல்லை. பாறையில் உட்கார்ந்து சட்டையைக் கழற்றி எண்ணெய்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினீர்கள்.

"தேயி."

முதுகில் தேய்த்தேன். வலது தோளில் தேய்த்தேன்.

"அங்கன இல்லே. வெட்டுன இடத்துல தேயி."

ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அந்தத் தழும்பைத் தொட்டேன். என் கட்டைவிரல் முழுசாக உள்ளே போகிற பள்ளம்.

"அத்தான், அன்னைக்கு எனக்கு ஒண்ணுமே..."

"தூக்குவாளியை வரப்புல வச்சியேலே."

என் கை நின்றது.

"வச்ச. சாஞ்சுது. எடுத்து மண்ணைத் தட்டித் திரும்ப வச்ச. மூடியை அமுக்குன. நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். சித்தம் கலங்குனவன் கஞ்சிக்கு மூடி போடுவானாலே?"

"பின்ன ஏன் ஏட்டையாகிட்ட அப்படிச் சொன்னிய?"

"உங்க அக்கா என் கால்மாட்டுல நின்னுக்கிட்டு என் வாயையே பாத்தா. அவளுக்கு இருக்கது ஒரு தம்பி." கழுத்திலும் தேய்க்கத் தலையைக் குனிந்தீர்கள். "இப்ப நீ சொல்லு. என்னை வெட்டுனது யாரு?"

எனக்கு ஆத்திரம் வந்தது. எல்லாம் தெரிந்துகொண்டே ஒன்பது வருடம் என்னை உழவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறீர்களே என்ற ஆத்திரம். உங்கள் கழுத்து எண்ணெயோடு என் இரண்டு கைக்குள் இருந்தது. கை இறுகியது. உங்கள் தொண்டை நரம்பு என் விரலுக்கடியில் துடித்தது. நீங்கள் அசையவில்லை.

"அமுக்குனா அமுக்கு" என்றீர்கள், குரல் நசுங்கியபடி. "ஆனா சொல்லிட்டு அமுக்கு."

கையை எடுத்தேன்.

"நான்தான் அத்தான்."

"நான்னா?"

"இசக்கி. நான்தான் வெட்டுனேன். தெரிஞ்சுதான் வெட்டுனேன்."

நீங்கள் கழுத்தைத் தடவிக்கொண்டீர்கள். "மன்னிக்கணும்னு நான் எப்பமோ நினைச்சுட்டேன்லே. கொடுக்கதுக்கு ஆளு இல்லே. குத்தாலத்துக்கிட்ட கொடுத்தா அவன் எப்படி வாங்குவான்? அவன் என்னை வெட்டலையே. இப்ப வந்திட்ட, வாங்கிக்க." அவ்வளவுதான் சொன்னீர்கள். எழுந்து அருவிக்குள் போய் நின்றீர்கள். நான் பாறையில் கிடந்து மாடு மாதிரி அழுதேன். தலையைத் துவட்டும்போதுதான் அக்காவிடம் நானே சொல்ல வேண்டும் என்றீர்கள். "நான் சொல்ல மாட்டேன். அது உன் சோலி."

சரி என்றேன். சொல்லவில்லை. அறுப்பு முடியட்டும் என்றேன், மகனுக்குக் காது குத்து முடியட்டும் என்றேன், அம்மை காரியம் முடியட்டும் என்றேன். நீங்கள் ஒரு தடவைகூட என்னை நெருக்கவில்லை. பிறகு உங்களுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கடைசி நாள் பேச்சு நின்றுவிட்டது. என்னைப் பார்த்தீர்கள், அக்காவைப் பார்த்தீர்கள், மறுபடி என்னைப் பார்த்தீர்கள். நான் தரையைப் பார்த்தேன். நிமிர்ந்தபோது நீங்கள் போய்விட்டிருந்தீர்கள்.

இனி நேற்று நடந்தது. நான் சங்கிலியோடு பரணடியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அக்கா வந்துவிட்டாள். என் கையில் இருப்பது எது என்று தெரிந்ததும் அவள் முகம் மாறியது.

"ஐயோ, இதுவா? இது வேண்டாம், போடு அங்கன. கயிறே போதும். இதைப் பாத்தா உனக்குப் பழசெல்லாம் வரும். அது நீயா செஞ்ச? விடு."

அந்த 'நீயா செஞ்ச' என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நெற்றியில் பொட்டில்லாமல், மெலிந்து, எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு நிற்கிறாள்.

"நான்தான்க்கா செஞ்சேன்."

"என்ன சொல்லுத?"

"எனக்கு ஒரு நோவும் இல்லே. அன்னைக்கும் இல்லே. நீ குடுத்த கஞ்சியை வரப்புல வச்சேன். சாஞ்சுது, சரிபண்ணி வச்சேன், மூடியை அமுக்கி மூடுனேன். அப்புறம்தான் அத்தானை வெட்டுனேன். எல்லாம் தெரிஞ்சுதான். பொய் சொல்லிக் குத்தாலத்துல போயிக் கிடந்தேன். அத்தானுக்கும் தெரியும்."

அவள் கண் என்மேல் இருந்தது, நினைப்பு எங்கேயோ போயிருந்தது.

"வாளி நிறையத் திரும்பி வந்துது" என்றாள். "பரமசிவம் அண்ணாச்சி கொண்டு வந்து குடுத்தாவ. இத்தனை நடந்திருக்கு, இது எப்படிச் சிந்தலேன்னு அன்னைக்கே நினைச்சேன். நினைச்சுக்கிட்டே நாய்க்கு ஊத்துனேன்."

பிறகு என் கையிலிருந்து சங்கிலியைப் பிடுங்கினாள். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது முதுகில். நான் கையைத் தூக்கவில்லை. நாற்பத்தைந்து வயதுப் பொம்பளைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "ஏலே இசக்கி" என்று சொல்லி அடித்தாள். "ஏலே இசக்கி, அவுக விரலில்லாத கைக்கு நான் பதிமூணு வருசம் எண்ணெய் தேச்சு விட்டேனேலே. உன்னையும் பக்கத்துல உக்காத்தி வச்சு அதே கையாலதான சோறு போட்டேன். ஏலே இசக்கி." கிடாரி மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. கை ஓய்ந்ததும் சங்கிலியைச் சாணத்தில் எறிந்துவிட்டுத் தொழுவத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, உங்களை நினைத்து அழுதாள். பதினாறு நாளில் அப்படி ஒரு அழுகை அழவில்லை. நான் பக்கத்தில் போகவில்லை. ஓடின கிடாரியைப் பிடித்து வந்து கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இன்று காலையில் அவள் கதவு திறக்கவில்லை. நான் போய்த் தட்டவும் இல்லை. இடது தோள் வீங்கிக் கையை மேலே தூக்க முடியவில்லை, வலது கையால் எழுதுகிறேன். உங்களோடு அந்தப் பெயரும் போய்விட்டது, இனி அதைச் சொல்ல ஆள் இல்லை என்று சுடுகாட்டில் நின்று நினைத்தேன். அக்கா சொன்னாள், அடிக்கு ஒரு தடவை. அவள் என்னை மன்னிப்பாளோ மாட்டாளோ எனக்குத் தெரியாது. மன்னித்தால், வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது.

இசக்கி